கண் மங்கிய அப்பத்தாவுக்கு இருட்டறையில் அண்டா கிடைக்கிறது, அடுப்படியில் துவரம்பருப்பு கிடைக்கவில்லை. ஏன்?

வளவுவாசி:

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் அப்பத்தா இருக்கிறார். கண்ணில் நீர் அழுத்த நோய். சொட்டு மருந்தெல்லாம் ஒழுங்காகப் போட்டும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரிகிறது. வைத்தியம் பற்றிக் கேட்க வரவில்லை, அது ஒரு பக்கம் நடக்கிறது. எனக்குப் புரியாதது வேறு.

வீட்டின் இரண்டாம் கட்டு, அதாவது உள்முற்றப் பகுதி, அதை ஒட்டி ஜன்னலே இல்லாத ஒரு சாமான் அறை. சீர் சாமான், விசேஷத்துக்கு எடுக்கிற அண்டா, எனாமல் தூக்கு, மரவை, கொட்டான், ஊறுகாய் ஜாடி என்று தரையிலிருந்து பரண் வரை அடைந்து கிடக்கும். டார்ச் அடித்துக்கொண்டு நான் தேடினாலும் கேட்ட சாமான் கைக்கு வராது. அப்பத்தா உள்ளே போய் இரண்டு தடவு தடவி, "இது பாட்டையா ரங்கூன்ல இருந்து கொண்டாந்தது, இது இல்ல" என்று ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு சரியானதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அடுப்படியில் அவரால் துவரம்பருப்பு டப்பாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சித்தப்பா போன வருடம் வந்து அடுப்படியைப் புதுசாக்கினார், பழைய டின், ஜாடியெல்லாம் தூக்கிவிட்டு ஒரே அளவில் சதுரமான பிளாஸ்டிக் டப்பா வாங்கி வரிசையாக அடுக்கிவிட்டார். பார்க்க அழகுதான். அப்பத்தா ஒவ்வொன்றாகத் திறந்து கைவிட்டுப் பார்க்கிறார், கோபம் வருகிறது. மாத்திரையும் அப்படித்தான், ரூபாய் நோட்டும் அப்படித்தான்.

இது எப்படி? விரலில் ஏதாவது விசேஷமா, இல்லை வெறும் ஞாபகமா? பார்வை போனால் மற்ற புலன்கள் தானாகவே கூர்மையாகிவிடும் என்கிறார் சித்தப்பா, அது உண்மையா? அப்புறம், அடுப்படியில் என்ன மாற்றினால் அவருக்குச் சுலபமாக இருக்கும்?

பெட்டகம்:

தம்பி, நான் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் வேலை பார்க்கிறேன், விரல் விஷயம் டாக்டர் யாராவது சொல்லட்டும், சாமான் விஷயம் நான் சொல்கிறேன்.

உங்கள் சாமான் அறையில் இருக்கிற ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளால் ஆனது, அதுதான் காரணம். எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு. தொட்டால் கண்ணாடி மாதிரி வழுவழு, தூக்கினால் கண்ணாடிக் கனம் இருக்காது, விளிம்பில் எங்காவது பூச்சு தெறித்து சொரசொரவென்று ஒரு பொட்டு அகப்படும். அப்பத்தா ரங்கூன் தூக்கு என்று சொன்னது பெரும்பாலும் அந்தத் தெறிப்பை வைத்துத்தான், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். மரவை மரம், தொட்டவுடன் சில்லென்று இருக்காது. அடித்துச் செய்த பித்தளை அண்டா என்றால் உள்ளே கையை விட்டதும் சுத்தியல் பட்ட பள்ளம் பள்ளமாக விரலுக்குத் தெரியும், தகட்டை வளைத்துச் செய்ததில் பற்றவைத்த தழும்பு ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். வார்ப்பு உருளி அடியில் கனம், விளிம்பில் தடிப்பு. கொட்டானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஓலைப் பின்னலை எதோடு குழப்ப முடியும்?

எங்கள் தொழிலில் கண்ணை விடக் கையை நம்புகிறோம். புதுச் சாமானைப் புளியும் அமிலமும் போட்டுப் பழசாக்கிக் கொண்டுவருவார்கள், பார்த்தால் நூறு வருடத்துச் சாமான் போலத்தான் இருக்கும். ஆனால் நூறு வருடம் புழங்கிய தூக்கில் பிடி எங்கே கையில் படுமோ அங்கே மட்டும்தான் தேய்ந்திருக்கும், பிடிக்கு உள்பக்கம் விளிம்பு இன்னும் கூராக இருக்கும். போலியில் யாரும் தொடாத இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். கதவு நிலையும் அப்படித்தான், பர்மாத் தேக்கில் ஓர் எண்ணெய்ப் பசை உண்டு, சாயம் அடித்த வேறு மரம் வறண்டு நிற்கும். கொஞ்ச நாள் கடையில் இருந்தால் யாருக்கும் வந்துவிடும், இது ஒன்றும் வித்தையில்லை.

உங்கள் சித்தப்பா வாங்கிய டப்பாவில் என்ன இருக்கிறது? ஒரே பிளாஸ்டிக், ஒரே வடிவம், ஒரே மூடி. என்னைக் கண்ணைக் கட்டி நிறுத்தினால் நானும்தான் முழிப்பேன்.

விரல்நுனி:

தேவகோட்டைக்காரி, இப்போது மதுரையில் தொழில்வழிச் சிகிச்சையாளர். பக்கவாதம் வந்து கை உணர்ச்சி போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. பெட்டகம் அண்ணன் கடை அனுபவத்தில் சொன்னதைத்தான் ஆராய்ச்சிக்காரர்களும் கண்டுபிடித்தார்கள். 1985ல் ராபர்ட்டா கிளாட்ஸ்கி, சூசன் லீடர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, பார்வையுள்ள கல்லூரி மாணவர்களின் கண்ணைக் கட்டி, வீட்டில் புழங்குகிற சுமார் 100 சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமல் 96 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், பெரும்பாலும் 5 விநாடிக்குள். ஆக இந்தத் திறமை நம் எல்லாரிடமும் இருக்கிறது, வெளிச்சம் இருப்பதால் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து அதே இருவரும் கை என்ன செய்கிறது என்று கவனித்தார்கள், 1987ல் வெளியிட்டார்கள். கை சும்மா துழாவுவதில்லை, எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதற்கென்று ஓர் அசைவு வைத்திருக்கிறது. சொரசொரப்பு தெரிய விரலைப் பக்கவாட்டில் தேய்க்கிறோம், கெட்டியா மெத்தா என்று பார்க்க அழுத்துகிறோம், சூடு குளிர்ச்சி தெரிய அசையாமல் வைக்கிறோம், கனம் பார்க்க ஏந்தித் தூக்கிப் பார்க்கிறோம், மொத்த வடிவத்துக்கு உள்ளங்கையால் வளைத்துப் பிடிக்கிறோம், நுணுக்கமான வடிவம் வேண்டுமென்றால் விளிம்போடு விரலை ஓட்டுகிறோம். இதில் கடைசிதான் ரொம்ப மெதுவானது. தேய்ப்பது, அழுத்துவது, வைப்பது எல்லாம் சட்டென்று விடை சொல்லிவிடும். அதனால்தான் கைக்கு முதலில் எட்டுவது என்ன பொருள் என்பது, வடிவம் பின்னால்தான். கண்ணுக்கு இது தலைகீழ், வடிவம் முதலில். சித்தப்பா கண்ணால் அடுப்படியை அமைத்திருக்கிறார், அப்பத்தா கையால் புழங்குகிறார்.

அசைவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1962ல் ஜேம்ஸ் கிப்சன் செய்த சோதனை ஒன்று உண்டு. பிஸ்கட் வெட்டுகிற அச்சுகளை ஆட்களின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார், எது என்று பாதித் தடவைதான் சரியாகச் சொன்னார்கள். அதே அச்சை அவர்களே விரலால் தடவிப் பார்க்கவிட்டபோது 95 சதவீதம் சரி. உங்கள் அப்பத்தா கையில் எதையாவது திணித்து "இது என்ன சொல்லுங்க" என்று கேட்காதீர்கள், எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.

தோலுக்குள் நான்கு வகை உணரிகள் இருக்கின்றன. நிதானமாக அழுத்துவதை ஒன்று பிடிக்கும், வழுக்குவதை ஒன்று, தோல் இழுபடுவதை ஒன்று, நுண்ணதிர்வை ஒன்று. நுண்ணதிர்வுதான் எனக்குப் பிடித்தது. ரவையையும் மைதாவையும் ஒரு தாளில் கொட்டி விரலை அசையாமல் வைத்துப் பாருங்கள், ரவை தெரியும். மைதாவையும் சோளமாவையும் அப்படி வைத்தால் ஒன்றும் தெரியாது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தால்தான் தெரியும், சோளமாவு நறநறவென்று கத்தும். நுண்ணிய சொரசொரப்பு இடத்தால் தெரிவதில்லை, தேய்க்கும்போது எழுகிற அதிர்வால் தெரிகிறது. 2013ல் சுவீடன் ஆய்வாளர்கள் வழவழப்பான பரப்பையும் 13 நானோமீட்டர் உயரச் சுருக்கம் உள்ள பரப்பையும் விரலால் பிரித்தறிய முடியும் என்று காட்டினார்கள். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகை மேல் வார்ப்பதால்தான் அதன் முகம் அப்படி வழுக்குகிறது, அதில் ஒரு மணல் பொட்டு நின்றாலும் வெறுங்காலில் நடக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுவது இதனால்தான்.

குளிர்ச்சி பற்றி ஒரு வார்த்தை. பித்தளையும் மரமும் ஒரே அறையில் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. பித்தளை விரலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, மரம் இழுக்காது, அந்த இழுப்பைத்தான் குளிர்ச்சி என்கிறோம். சித்திரையில் சாமான் அறையே நம் தோலின் சூட்டுக்கு வந்துவிட்டால் இந்தத் துப்பு வேலை செய்யாது, அப்போது கனத்தையும் தடவலையும்தான் நம்ப வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அப்பத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? நாள்பட்ட சர்க்கரையில் முதலில் பாதத்திலும் பிறகு சிலருக்குக் கையிலும் உணர்ச்சி குறையும். அப்படி இருந்தால் பாத்திரம் சூடா என்று விரலால் பார்க்க விடாதீர்கள். அப்புறம், திடீரென்று ஒருநாள் ஒரு பக்கக் கையில் சாவியைக் கொடுத்தால் சில்லென்று இருக்கிறது, கூராக இருக்கிறது என்று சொல்லி, ஆனால் சாவி என்று சொல்ல முடியாமல் போனால் அது விரல் கோளாறு இல்லை, மூளையில். உடனே ஆஸ்பத்திரி.

செட்டிமாட்டுவண்டி:

இவ்வளவு அறிவியல் எதற்கு? அறுபது வருடம் அதே வீட்டில் இருப்பவருக்கு எந்தச் சாமான் எந்த மூலையில் என்று தெரியாதா? இடம் ஞாபகம், அவ்வளவுதான். சாமானை மாற்றி வைத்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

வளவுவாசி:

அண்ணே, வெள்ளையடித்தபோது சாமான் எல்லாம் முகப்புக்கு வந்து திரும்ப உள்ளே போனது, வேலையாட்கள் கண்டபடி அடுக்கிவிட்டார்கள். அப்பத்தாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, ஆனால் எடுத்தார். பெட்டகம் அண்ணன் சொன்ன மாதிரி கேட்டும் பார்த்தேன், ரங்கூன் தூக்குக்கு அடையாளம் பூச்சுத் தெறிப்பு இல்லையாம், பிடி ஒரு பக்கம் ஆடுமாம். விரல்நுனி அக்கா, சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, கை நன்றாகத் தெரிகிறது என்கிறார், ஆனாலும் அடுத்த முறை டாக்டரிடம் கேட்கிறேன்.

விரல்நுனி:

இடமும் ஞாபகமும் பெரிய பங்குதான், அதை யாரும் மறுக்கவில்லை. எங்கே கையை நீட்டுவது என்பதை ஞாபகம் சொல்கிறது, நீட்டிய கையில் பட்டது அதுதானா என்பதை விரல் சொல்கிறது. அடுப்படியில் முதலாவதை மட்டும் மிச்சம் வைத்து இரண்டாவதை ஒழித்துவிட்டார்கள், ஒரு டப்பா இடம் மாறினால் மொத்தமும் போச்சு.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததும் கைக்குத் தெரிந்ததும் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்பது சுவாரசியமான விஷயம். 1688ல் மோலிநியூ என்ற ஐரிஷ்காரர் தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார்: பிறவியிலேயே பார்வை இல்லாமல், உருண்டையையும் கனசதுரத்தையும் கையால் பிரித்தறியப் பழகிய ஒருவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது எது என்று சொல்வாரா? முந்நூறு வருடத்துக்கு மேல் வாதமாகவே ஓடியது. பதில் நம் நாட்டுக் குழந்தைகளிடமிருந்து வந்தது. பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில் பிறவிப் பார்வைக் குறைபாடு நீங்கிய சிறுவர்களை அறுவைச் சிகிச்சை முடிந்த உடனேயே சோதித்தார்கள், 2011ல் வெளியானது. தொட்ட பொருளைப் பார்த்து அடையாளம் காண அவர்களால் முடியவில்லை, கிட்டத்தட்ட குத்துமதிப்பாகச் சொன்னதுதான். ஆனால் சில நாளிலேயே அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்பத்தாவின் நிலை வேறு, கண்ணும் கையும் சேர்ந்தே பழகியவர், தொட்டதும் மனதுக்குள் படமும் வந்துவிடும். பார்வை தாமதமாகப் போனவர்களுக்கு இது பெரிய கைமுதல்.

கருப்புக்கண்ணாடி:

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன், இந்தத் திரியைப் போன் வாசிக்கக் கேட்டுத்தான் எழுதுகிறேன். சித்தப்பா சொன்ன "தானாகவே கூர்மையாகிவிடும்" என்ற பேச்சை நாங்கள் வாழ்க்கை முழுக்கக் கேட்கிறோம். தானாக எதுவும் ஆவதில்லை. பிரெய்ல் புள்ளிகளுக்கு நடுவில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் இடைவெளி, விரல்நுனி பிரித்தறியக்கூடிய எல்லைக்குப் பக்கத்தில், அதைச் சரளமாக வாசிக்கச் சின்ன வயதில் எத்தனை திட்டு வாங்கியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். பழக்கத்தால் மூளை மாறுகிறது என்பது உண்மை, பிரெய்ல் வாசிக்கும்போது பார்வைக்கான மூளைப் பகுதி வேலை செய்கிறது என்று 1996லேயே காட்டிவிட்டார்கள். வயதானால் விரலுணர்ச்சி மந்தமாவது எல்லாருக்கும் பொது, ஆனால் தினமும் விரலால் வாசிக்கிறவர்களிடம் அந்த மந்தம் அவ்வளவாக இல்லை என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அப்பத்தாவை உட்கார வைத்து எல்லாம் கையில் கொண்டுவந்து கொடுக்கிற பாசம் இருக்கிறதே, அதுதான் விரலைக் கெடுக்கும்.

இப்போது பணம். பழைய காசு நல்ல காசு. 5 பைசா சதுரம், 10 பைசா விளிம்பு பூ போல வளைந்து வளைந்து வரும், 20 பைசா ஆறு முனை, அப்பத்தா காலத்தில் சுருக்குப்பையில் கைவிட்டால் பார்க்கவே வேண்டாம். பின்னால் எல்லாம் வட்ட எவர்சில்வர் ஆகிவிட்டது. அதிலும் 2011ல் வந்த 2 ரூபாயும் அதற்கு முன்னால் இருந்த 1 ரூபாயும் இரண்டுமே 25 மில்லிமீட்டர், பஸ்சில் எத்தனை தகராறு. 2019ல் பார்வையற்றோரை மனதில் வைத்து ஒரு வரிசை வெளியிட்டார்கள், மதிப்பு கூடக் கூடக் கனமும் கூடும், 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். நல்ல எண்ணம்தான், ஆனால் பழசும் சேர்ந்தே புழங்குவதால் பைக்குள் எல்லாத் தலைமுறையும் கலந்து கிடக்கிறது.

நோட்டில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம் 142, 146, 150. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தனியாக ஒரு நோட்டைப் பிடித்துச் சொல்ல முடியாது, தெரிந்த நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஓரத்தில் சாய்ந்த கோடுகள் மேடாக இருக்கும், 100க்கு நான்கு, 200க்கு நான்கு கோடும் நடுவில் இரண்டு வட்டமும், 500க்கு ஐந்து. கூடவே 100ல் முக்கோணம், 500ல் வட்டம் என்று புடைப்புக் குறியும் உண்டு. வங்கியிலிருந்து வந்த புது நோட்டில் அருமையாகத் தெரியும், மீன் மார்க்கெட் சுற்றி வந்த நோட்டில் ஒன்றும் இருக்காது. ரிசர்வ் வங்கி 2020ல் மணி என்று ஒரு செயலி வெளியிட்டது, நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம், ஆனால் கள்ள நோட்டா என்று சொல்லாது. அப்பத்தாவுக்குப் போன் சரிப்படாது என்றால் நாங்கள் செய்கிற பழைய வழி: யாராவது நம்பிக்கையானவர் பிரித்துக் கொடுத்ததும் 100ஐ மடிக்காமல், 200ஐ ஒரு மடிப்பு, 500ஐ இரண்டு மடிப்பு மடித்து வைத்துவிட வேண்டும். எந்த மடிப்பு எதற்கு என்று அவரே முடிவு செய்யட்டும், நீங்கள் சட்டம் போடாதீர்கள்.

மாத்திரைக்கு ரப்பர் பேண்டு. காலை மாத்திரை டப்பாவுக்கு ஒன்று, இரவுக்கு இரண்டு. கண் சொட்டு மருந்து இரண்டு குப்பி என்றால் அதற்கும் அப்படியே, அந்தக் குப்பிகள் ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் வம்பு. மாத்திரை அட்டையை ஒருபோதும் வெட்டித் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள், வெட்டினால் எல்லா அட்டையும் ஒன்றுதான்.

தேன்குழல்:

நான் கோட்டையூரில் பலகாரம் செய்து கொடுக்கிறேன், கல்யாண ஆர்டர் வரும். இவ்வளவு பேர் எழுதியும் அடுப்படியைப் பற்றி ஒருத்தரும் உருப்படியாகச் சொல்லவில்லையே.

பருப்பை டப்பாவை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னது யார்? பருப்பைப் பருப்பை வைத்தே தெரியும். துவரை தட்டையாக வழுவழு என்று இருக்கும், கடலைப்பருப்பு அதைவிடப் பெரிசு, ஒரு பக்கம் குமிழ்ந்து மேல் கொஞ்சம் கரடு. பாசிப்பருப்பு பொடிசு, நீளவாக்கு. அஞ்சறைப் பெட்டியில் கடுகு உருளும், வெந்தயம் கோணல் மாணலாக விரலில் நிற்கும், உருளாது. சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் ஒரு சிட்டிகை நசுக்கினால் மூக்கு சொல்லிவிடும். அதனால் மூடியைத் திறந்து கைவிட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை, அப்பத்தாவுக்குக் கோபம் வருவது பருப்புத் தெரியாமல் இல்லை, அந்த அழுத்து மூடியைத் திறக்க முடியாமல். நகம் போட்டு நெம்ப வேண்டியிருக்கிறது, வயசான கைக்கு அது சித்திரவதை.

விரல் பழக்கம் என்றால், எங்களுக்குத் தேன்குழல் அச்சு எடுக்க வெளிச்சம் வேண்டாம், வில்லையை எடுத்து ஓட்டையில் விரலை ஓட்டினால் வட்ட ஓட்டை தேன்குழல், முள் ஓட்டை முறுக்கு, ஊசி ஓட்டை ஓமப்பொடி. மனகோலம் என்கிற செட்டிநாட்டு இனிப்புக்குப் பாகு வைக்கும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கிறோம், விரலில் உருண்டு நின்றால்தான் இறக்குவோம், கண்ணால் பார்த்துப் பாகு இறக்குகிறவளை நான் வேலைக்கு வைக்க மாட்டேன். மாவு சலித்ததும் ஒரு பிடி அள்ளி இறுக்கினால் பிடி நிற்க வேண்டும், விரல் பட்டதும் உதிர வேண்டும். இதெல்லாம் அப்பத்தாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், அவரிடம் கேட்டு நீங்கள் செய்யுங்கள், உங்கள் வீட்டிலேயே நல்ல பலகாரம் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். தூக்கிப்போட்ட பழைய டின்னும் ஜாடியும் பரணில்தானே இருக்கும், இறக்குங்கள். புளிக்கும் உப்புக்கும் பீங்கான் ஜாடி, மிளகாய்த்தூளுக்குத் திருகு மூடி போட்ட எவர்சில்வர், பருப்புக்குத் தகர டின், அரிசி வழக்கம்போல். தினம் எடுப்பது இடுப்பு உயரத்தில். மிளகாய்த்தூள் மட்டும் மற்றதோடு சேராமல் தனியாக, வேறு மாதிரி மூடியோடு இருக்கட்டும், கைவிட்டுப் பார்க்கிற பழக்கம் உள்ளவர் கண்ணைத் தேய்த்துவிட்டால் என்ன ஆவது. மண்ணெண்ணெய், பினாயில், பாத்திரம் விளக்குகிற சோப்பு இது எதுவும் அடுப்படி அலமாரியிலேயே வேண்டாம், கொல்லைப்புறம் போகட்டும்.

பெட்டகம்:

ஆச்சி சொன்னது சரி. டின் எல்லாம் துருப்பிடித்திருந்தால் விளிம்பு கையைக் கிழிக்கும் தம்பி, பார்த்து இறக்குங்கள். விற்றுவிட்டிருந்தால் கடைக்கு வாருங்கள், பேசிப் பார்க்கலாம்.

வளவுவாசி:

விற்கவில்லை, பரணில் இருக்கிறது. நேற்று இறக்கினேன், மூன்று டின் ஓட்டை, மற்றது நன்றாக இருக்கிறது. எது எதற்கு என்று நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், அப்பத்தா கேட்கவே இல்லை, உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டியும் தூக்கியும் பார்த்து அவரே ஒதுக்கிவிட்டார். பிளாஸ்டிக் டப்பாவிலும் நான்கைந்தை வைத்துக்கொண்டார், மூடியில் எம்சீல் பசையால் பொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார், சர்க்கரைக்கு ஒன்று, ரவைக்கு இரண்டு. சித்தப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆச்சி, ஒரு சந்தேகம்: உப்பும் புளியும் இரண்டும் பீங்கான் ஜாடி என்றால் குழம்பாதா? இரண்டும் ஒரே அளவாக இருக்கிறது.

தேன்குழல்:

உப்பு ஜாடிக்குப் பீங்கான் மூடி வேண்டாம், கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வையுங்கள், அதற்குள்ளேயே மரக் கரண்டி ஒன்றும் போட்டு வையுங்கள். புளி ஜாடிக்கு வெள்ளைத் துணி கட்டி மூடுங்கள். கல் உப்புத்தானே வாங்குகிறீர்கள்? பொடி உப்பு என்றால் மழைக்காலத்தில் கட்டி தட்டும், அப்பத்தா கையால் அள்ளி அளவு பார்க்கிற பழக்கம் போய்விடும்.